கிஸ்பர்ட் தாடி எடுத்த கதை

கிஸ்பர்ட் கோட்ஹவுஸ் தாடியை எடுத்தது ஒரு பெண்ணுக்காக என்றுதான் ஹோல்ஷைட் மேட்டில் பேச்சு. அதுவும் தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளுக்காக. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு விஷயம் தெரிந்து, நேரே வந்து தாடையில் கத்தியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டானாம். ரொட்டிக்கடை வரிசையில் நின்றால் இதை இலவசமாகக் கேட்கலாம். "அந்தக் கோடு இன்னும் தாடையில இருக்கு, வேணும்னா போய்ப் பாருங்க" என்று கடைசியில் ஒரு சாட்சியும் வைப்பார்கள்.

கோடு இருப்பது உண்மை. பெண் இருப்பதும் உண்மை. கத்திக்கும், ஜெர்மனியில் கத்திக்கே பேர்போன எங்கள் சோலிங்கன் ஊரில் என்றைக்குமே பஞ்சமில்லை. இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற மற்றதெல்லாம் ஊர் போட்ட மசாலா. நடந்தது வேறு. அதைச் சொல்கிறேன்.

கிஸ்பர்ட்டுக்கு ஐம்பத்தொரு வயது. வேலை, ரேசர் தொழிற்சாலையில். ஒற்றை பிளேடு மாட்டுகிற பழைய பாணி ரேசர். ஊரில் அதைத் தச்சன் கையில் இருக்கிற இழைப்புளியின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதன் தலையைச் சுழலும் சக்கரத்தில் வைத்து அழுத்திக் கண்ணாடி மாதிரி ஆக்குவது அவன் தொழில். முப்பது வருஷமாக அதே சக்கரம், அதே முக்காலி.

இப்படிப்பட்டவன் முகத்தில் பிளேடே பட்டதில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நிஜம். பத்தொன்பது வயதில் முளைத்த தாடியை அப்படியே விட்டான். பிறகு கத்தரிக்கோலால் ஓரம் வெட்டினான், முடி வெட்டுகிற மெஷினால் உயரம் குறைத்தான், அவ்வளவுதான். ஷேவ் என்ற ஒன்றை அவன் செய்ததே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. சோலிங்கன்காரனைப் பார்த்து உனக்கு ஷேவ் செய்யத் தெரியுமா என்று கேட்பது, உனக்கு பீர் குடிக்கத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி. அடி விழும்.

வம்பு வந்தது தீயணைப்பு நிலையத்தில்.

ஹோல்ஷைட் நிலையத்தில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. எல்லாரும் ஊர்க்காரர்கள்தான். மணி அடித்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். நிலையத்து வாசலைத் தாண்டிவிட்டால் வயசு, பதவி எதுவும் கிடையாது, எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். தலைமை இம்கே. பகலில் வீட்டுக் கூரைகளுக்கு ஓடு வேய்கிறவள், முப்பத்து மூன்று வயது. சாய்ந்த கூரையில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். கிஸ்பர்ட் அங்கே பம்பு ஓட்டுகிறவன். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போன பிறகு, வீடு என்று அவனுக்கு இருந்தது அந்த நிலையம்தான். வாடகை வீட்டில் தூங்குவான். நிலையத்தில்தான் வாழ்வான்.

அந்த வருஷம் புகைக்குள் போகிற ஆட்கள் குறைந்துபோனார்கள். ஒருவன் வேலை மாறி மியூனிக் போய்விட்டான், இன்னொருவனுக்கு முதுகு போய்விட்டது. நகராட்சியிலிருந்து சொல்லிவிட்டார்கள்: மாஸ்க் போட ஆள் ஒன்று குறைகிறது, இலையுதிர்காலத் தேர்வுக்குள் ஆளைக் காட்டுங்கள், இல்லையென்றால் வண்டி எதிர் மேட்டு நிலையத்துக்குப் போகும், உங்கள் கதவை மூடிக்கொள்ளலாம்.

இம்கே கூட்டம் போட்டாள். மாஸ்க் வேலைக்கான படிப்பும் மருத்துவப் பரிசோதனையும் முடித்து வைத்திருந்தவன் கிஸ்பர்ட் ஒருவன்தான். எல்லாரும் அவன் தாடியைப் பார்த்தார்கள்.

"மாஸ்க் ஓரம் தோலோட ஒட்டணும், கிஸ்பர்ட். நடுவுல முடி இருந்தா புகை உள்ள வந்துரும்" என்றாள் இம்கே.

"தாடிய எடுத்தா உள்ள மூஞ்சி இருக்குமான்னு மொதல்ல பாருங்கப்பா. ஒண்ணுமே இல்லாம இருந்துட்டா?" என்றான் ஆர்மின். ஆர்மின் தொழிற்சாலையில் கிஸ்பர்ட்டுக்குப் பக்கத்துச் சக்கரம், நிலையத்தில் பக்கத்து லாக்கர். அவன் வாயில் விழுந்த விஷயம் ரொட்டிக்கடைக்கு அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

கிஸ்பர்ட் அப்போது மூன்றாவது பீரில் இருந்தான். "டேய், உலகத்துல பாதி ஆம்பளைங்க மூஞ்சி என் கை வழியாத்தான்டா வழவழன்னு ஆகுது. எனக்கா ஷேவிங் பாடம்? தாடிதானே, எடுத்துட்டாப் போச்சு!"

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். கிஸ்பர்ட் நாலாவது பீரை ஒரே மூச்சில் குடித்தான். 

யாரிடம் கேட்பது? சலூனுக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் அவன் தொழிற்சாலைக்காரர்கள். மின்சார ஷேவர் வாங்கலாம். ஆனால் ரேசர் தொழிற்சாலைக்காரன் மின்சார ஷேவரோடு கடையிலிருந்து வெளியே வந்தால், அதற்குப் பிறகு அவன் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. கடைசியில் தானே செய்துவிடுவது என்று முடிவு கட்டினான். ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பிய சாமான்தானே, அதைப் பிடிக்கத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை கத்தரியால் வெட்டினான். மெஷினால் ஒட்ட எடுத்தான். கண்ணாடியில் யாரோ ஒரு ஆள் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்க கிஸ்பர்ட்டுக்கே பாவமாக இருந்தது. பிறகு தொழிற்சாலை ரேசர்களிலேயே கொடூரமானதை எடுத்தான். பிளேடு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்காரும் தலை, முரட்டுத் தாடிக்கென்றே செய்வது. கெட்டிக்காரர்கள் பிடிக்கிறது என்று பெயர். கை கழுவுகிற சோப்பைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக்கொண்டான். ரேசரைத் தாடையில் வைத்தான்.

வைத்தானா? அழுத்தினான். தோளிலிருந்து அழுத்தினான். சக்கரத்தின் முன் முப்பது வருஷம் உட்கார்ந்த வலது கைக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அழுத்தினால் பளபளப்பு வரும், அழுத்தாவிட்டால் வராது. எஃகுக்கு அது சரி.

வலிக்கவே இல்லை. பிளேடு அவ்வளவு நல்ல பிளேடு. 'பரவாயில்லையே' என்று நினைத்து இன்னொரு இழுப்பு இழுத்தான். அதற்குப் பிறகுதான் சோப்பு நுரை ரோஸ் நிறமாக மாறுவதைப் பார்த்தான். பதறிப்போய், முடி நிற்கிற இடத்தில் இன்னும் அழுத்தினான். தாடை எலும்பின் வளைவில் பிளேடு குறுக்கே ஒரு நழுவு நழுவியது. நீளமாக ஒரு கோடு. தொட்டித் தண்ணீர் சிவந்தது; துண்டை எடுத்துத் தாடையில் பொத்திக்கொண்டான்.

மறுநாள் தொழிற்சாலையில் ஆர்மின் சக்கரத்தையே நிறுத்திவிட்டான். "அடேய்! என்னடா இது, காட்டுப்பன்றிய முத்தம் கொடுத்து எழுப்புனியா?"

"ரோஜாச் செடி வெட்டும்போது முள்ளு கிழிச்சிருச்சு."

"உன் வீடு மூணாம் மாடி. ரோஜா எங்கிருந்துடா வந்துச்சு?"

"பக்கத்து வீட்டு ரோஜா. போடா, வேலையப் பாரு."

செவ்வாய்க்கிழமை நிலையத்தில் பயிற்சி. மாஸ்க்கை மாட்டி, காற்றுக் குழாய் சேர்கிற வாயை உள்ளங்கையால் பொத்தி, மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். ஒட்டியிருந்தால் மாஸ்க் முகத்தோடு சப்பென்று இழுத்துப் பிடிக்கும். கிஸ்பர்ட் இழுத்தான். தாடையோரம் 'புஸ்' என்றது. மறுபடி இழுத்தான். மறுபடியும் புஸ். காயத்தின் மேல் பொருக்கு, பொருக்குக்கு நடுவில் விட்டுப்போன முடி. காற்று சுகமாக உள்ளே வந்தது.

 எல்லாரும் போகிறவரை இம்கே கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு வந்து எதிரில் நின்றாள்.

"ரோஜா என்ன கலரு?"

"சிவப்பு."

"அதான் தெரியுதே. கிஸ்பர்ட், உனக்கு ஷேவ் பண்ணத் தெரியாது. அப்படித்தானே?"

அவன் கதவைப் பார்த்தான். "மெதுவாப் பேசு. யார் காதுலயாவது விழுந்தா நான் வேலைய விட்டு நிக்கணும்."

"எந்தத் தலை போட்ட?"

"சாய்ஞ்ச தலை."

"அடப்பாவி! நானே அதத் தொட மாட்டேன்."

"நீ எதுக்குத் தொடுற?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா? உங்க ஃபேக்டரி ரேசர்தான் போடறேன், சாதுத் தலை. இத்தனை வருஷத்துல ஒரு கீறல் கிடையாது." சிரிக்காமல் சொன்னாள். உடனே முகம் மாறியது. "சனிக்கிழமை தேர்வு. அன்னிக்கு உனக்கு ஒட்டலைன்னா திங்கக்கிழமை நான் போன் பண்ணிச் சொல்லியாகணும், ஆள் இல்லைன்னு. வண்டிய ஓட்டிட்டுப் போயிருவாங்க. அதனால மூஞ்சியத் தொடாத. காயம் ஆறட்டும். சனிக்கிழமை காலைல சீக்கிரம் இங்க வா."

"யார்கிட்டயும் சொல்லிராத, தலைவி."

"சொல்ல மாட்டேன். வா."

சனிக்கிழமை மழை. நிலையத்துக் குளியலறையில் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. சுடுநீரில் பிழிந்த துண்டை அவன் முகத்தில் அப்பிவிட்டு, இம்கே தன் சாதுத் தலை ரேசரைத் தொட்டி ஓரத்தில் வைத்து, காபிக் கோப்பையில் பிரஷ்ஷைச் சுழற்றினாள்.

"தோல் ஊறட்டும். நுரை தயிர் மாதிரி நிக்கணும், ஒழுகக் கூடாது. தடவிப் பாரு, முடி எந்தப் பக்கம் படுத்திருக்கு?"

"கன்னத்துல கீழ. கழுத்துல குறுக்க."

"படுத்திருக்கிற பக்கமாவே போ. எதிர்ப்பக்கம் இன்னிக்குப் போகவே கூடாது. பிடியோட நுனியப் பிடி. தலையோட கனமே போதும், நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"ஒண்ணும் செய்யாம எப்படி வெட்டும்?"

"அது பிளேடு கவலை."

பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு ரேசரைக் கன்னத்தில் வைத்தான். மனசு கேட்டது. கை கேட்கவில்லை. முதல் இழுப்பு சரியாக வந்தது. இரண்டாவதில் கட்டைவிரல் தானாக இறங்கியது, முழங்கை இறுகியது. கன்னத்தில் பொட்டு வைத்த மாதிரி ரத்தம்.

"நிறுத்து!" இம்கே அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அழுத்துற!"

"தெரியுது! நான் அழுத்தலை, அது அழுத்துது!"

கன்னத்துக் காயம் மாஸ்க்குக்கு உள்ளே அடங்கிவிடும், பாதகமில்லை. மாஸ்க்கின் ரப்பர் வந்து உட்காரப் போவது காதோரத்தில், தாடைக்கு அடியில். அங்கே பழைய கோடு இப்போதுதான் ஆறி மெல்லிய தோல் கட்டியிருந்தது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் எல்லாம் முடிந்தது. தேர்வுக்குப் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கிஸ்பர்ட்டின் நெற்றியில் வியர்த்தது.

"நீயே போட்டு விட்டுரேன், இம்கே. இன்னிக்கு ஒரு நாள்."

"சரி, போடறேன். நாளைக்கு? நாளன்னிக்கு? மணி அடிக்கும்போது உன் மூஞ்சியில முள்ளு முள்ளா நின்னா, புகைக்குள்ள உன் பின்னாடி வர்ற நானும் சேர்ந்து சாகணுமா?"

 அவன் ஈரமான வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டு எழ மறுக்கிற நாயைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு ரேசரை இடது கைக்கு மாற்றினான்.

"என்ன பண்ற?"

"இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது. பீர் கிளாஸ் பிடிக்கிறதத் தவிர எதுவும் செஞ்சதில்ல. இதுக்கு அழுத்தவும் தெரியாது."

 இடது கை ரேசரை முட்டை மாதிரி பிடித்துக்கொண்டது. பயந்தது, அதனால் அழுத்தவில்லை. தலையைக் கன்னத்தில் படுக்கவைத்து, பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்கினான். ஒரு இடத்தில் சத்தம் வந்தது. 'சர்' என்று, கருகின ரொட்டியைச் சுரண்டுகிற மாதிரி.

"அதான்! அந்தச் சத்தத்த விட்டுராத" என்று கிசுகிசுத்தாள் இம்கே.

சின்னச் சின்னதாக இழுத்தான், அலசினான், இழுத்தான். வலது கன்னம். இடது கன்னம். காதோரம். மேலுதடு.  மழையும் பிளேடும் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. கடைசியாகத் தாடைக்கு அடிப்பகுதி. பழைய கோட்டுக்குக் கீழே தோல் தொளதொளவென்று இருந்தது. இழுத்துப் பிடித்தால்தான் பிளேடு வழுக்கும். வலது கையை நம்பி அந்த வேலையைக் கொடுக்க அவனுக்குத் தைரியமில்லை. இம்கே பின்னால் வந்து நின்று, அவன் முகவாயை மேலே தூக்கி, கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தாள். அவள் விரலெல்லாம் நுரை. பிளேடு தொண்டைக்குழியின் மேல் நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஆர்மின்.

சட்டையில்லாத கிஸ்பர்ட். அவனைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்ட மாதிரி இம்கே. ஆவி பறக்கிற வெந்நீர். ஆர்மினின் வாய் திறந்தது, மூடியது. "ஐயோ, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

"ஆர்மின், நில்லுடா!" என்று இம்கே கத்தினாள்.

கிஸ்பர்ட் திரும்ப முடியாது. மூச்சுகூட விட முடியாது. கண்ணை மட்டும் உருட்டினான். ஆர்மினின் பூட்ஸ் சத்தம் வராந்தாவில் தடதடவென்று ஓடி மறைந்தது. "போகட்டும். இழு" என்றாள் இம்கே. இழுத்தான். சர். இன்னொன்று. சர். தோல் முழுசாக இருந்தது.

குளிர்ந்த தண்ணீரை அடித்து, படிகாரக் கட்டியைத் தேய்த்தபோது, கன்னத்துப் பொட்டு மட்டும் எரிந்தது.

தேர்வுக்கூடத்தில் நகராட்சி அதிகாரி சிரிக்காத மனுஷர். மாஸ்க்கை மாட்டச் சொன்னார். பட்டைகளை இழுத்தார். உள்ளங்கையால் மாஸ்க்கின் வாயைப் பொத்தச் சொன்னார். கிஸ்பர்ட் மூச்சை இழுத்தான். சுவரோரம் நின்ற இம்கே தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். மாஸ்க் அவன் முகத்தைக் கவ்வியது. அதிகாரி காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார். கிஸ்பர்ட்டுக்குக் கண் பிதுங்கியது. புஸ் வரவில்லை.

"போகலாம்" என்றார்.

ஆனால் அது பாதிதான். இனி முதுகில் காற்று சிலிண்டரோடு, நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கிற ஏணியில் ஏற வேண்டும், பிறகு இருட்டில், அனலில், கம்பிக்கூண்டு வழியாகத் தவழ வேண்டும். கூண்டின் நடுவில் ஒரு குழாய், தோளைச் சாய்த்தால்தான் நுழையலாம். அங்கே மாட்டிக்கொண்டு நெளியும்போது தாடையோரம் ஈரமாக ஏதோ ஓடுவதை உணர்ந்தான். பழைய கோடு சுரீரென்றது. வியர்வையா? ரத்தமா? ரப்பர் வழுக்கிக் காற்று வெளியே போகிறதா? வெளியே போனால் சிலிண்டர் சீக்கிரம் தீரும், எச்சரிக்கைச் சீழ்க்கை அடிக்கும், தேர்வை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஹோல்ஷைட் கதவு மூடும். தொட்டுப் பார்க்கக் கை எட்டாது. மீட்டரைப் பார்க்க இருட்டு. காதைத் தீட்டிக்கொண்டு தவழ்ந்தான். தன் மூச்சு, தன் மூச்சு, மறுபடி தன் மூச்சு. வேறு சத்தம் எதுவும் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தவழ்ந்தான்.

கடைசிப் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளிச்சத்தில் விழுந்தபோது அதிகாரி குனிந்து மீட்டரைப் பார்த்தார். முள் இன்னும் பச்சையில் இருந்தது. மாஸ்க்கைக் கழற்றினார்கள். தாடையில் வழிந்தது வெறும் வியர்வை.

இம்கே அவனைத் தூக்கி நிறுத்தினாள். "வண்டி நம்மோடதுதான், கிழவா."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆர்மின் இருக்கிற ஊரில் எப்படி முடியும்? இலையுதிர்கால விழாவுக்கு நிலையத்து முற்றத்தில் அடுப்பு மூட்டுவதற்குள், குளியலறைக் கதவு திறந்தது ஊர் முழுக்கப் பரவி, அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தன. கிஸ்பர்ட்டிடம் நேரே யாரும் கேட்கவில்லை. முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். உள்ளதைச் சொன்னால், அவனுக்கு அது கொஞ்சம் இனிக்கவும் செய்தது. ஷேவ் செய்யத் தெரியாதவன் என்பதைவிட, இந்த வயதில் காதல் மன்னன் என்பது கௌரவமாகத்தானே இருக்கிறது?

விழா அன்றைக்கு அடுப்பருகே நின்றவன் யோர்ன், இம்கேயைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அதிகம் பேசாத ஆள். தச்சுவேலை. ஆர்மின் கிளாஸைத் தூக்கிக்கொண்டு, "யோர்ன், கத்திய ஒளிச்சு வச்சிருக்கியா, இல்ல இன்னொரு கன்னமும் பாக்கியா?" என்றான். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

யோர்ன் சிரிக்கவில்லை. இடுக்கியைக் கீழே வைத்தான். இம்கே பக்கம் திரும்பினான். "ஊரெல்லாம் பேசுது. நான் கேக்கவே இல்ல. இப்பக் கேக்கறேன். அங்க என்ன நடந்துச்சு?"

 அடுப்பில் சாஸேஜ் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. இம்கே கிஸ்பர்ட்டை ஒரு தடவை பார்த்தாள்.  "சொல்ல முடியாது, யோர்ன். வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. யோர்ன், கிளம்பிப் போய்விடுகிறவன் மாதிரி, ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

கிஸ்பர்ட் எழுந்தான். பெஞ்சு பின்னால் சாய்ந்து விழுந்தது. தொழிற்சாலைக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தே சொன்னான்:

"காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. எனக்கு ஷேவ் பண்ணத் தெரியாது. போதுமா? முப்பது வருஷமா ரேசர் செய்யறேன், அதப் பிடிக்கத் தெரியல. இந்தக் கோடு நானே போட்டுக்கிட்டது. இவ கால்ல போடற ரேசரக் கொண்டுவந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தா, அவ்வளவுதான். இப்பச் சிரிங்கடா, எவன் சிரிக்கிறான்னு பாக்கறேன்!"

யோர்ன் முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டு இடுக்கியை எடுத்தான்; ஆனால் மசாலா போட்ட கதைதான் ருசி என்று ரொட்டிக்கடை வரிசை இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.